தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும்

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்த நாளில்தான் என் கோழி ஒன்று வெயிலுக்குச் செத்தது. காலையில் தொட்டியை நிழலில்தான் வைத்தேன். உச்சிக்குப் பிறகு நிழல் நகர்ந்துவிட்டது. மூன்று மணிக்குக் கைவிட்டுப் பார்த்தால் குளிக்கிற வெந்நீர்ப் பதம். பத்தடி தள்ளி, சுவரோரம், அலகைத் திறந்தபடி கிடந்தது கோழி. அன்றிலிருந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்துத்தான் தொட்டிக்கு இடம் குறிக்கிறேன்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கொண்டை, தாடி, கால் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். மீதிக்கு மூச்சிரைத்துத்தான் ஆகவேண்டும். இரைக்க இரைக்க உடம்பின் ஈரம் போவதால், கடும் வெயிலில் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்கூடக் குடிக்கும். ஆனால் சுடுகிற தண்ணீரைத் தொடாது. ஒரு வாய்த் தண்ணீருக்காக வெயிலைக் கடந்து வரவும் தயங்கும்.

எட்டுக் கோழிக்கு நான் மூன்று இடத்தில் தண்ணீர் வைக்கிறேன். ஒரே தொட்டியென்றால் வலுத்தது அதன் முன்னால் நின்றுகொள்ளும், ஒடுங்கினது தாகத்தோடு திரும்பிவிடும். நண்பகலில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது சுடும். அதை வடியவிட்டுப் பிடியுங்கள். கால் நனையும் அளவுக்கு ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் அதில் போய் நிற்கும். நிற்பது விளையாட்டுக்கு அல்ல, சூடு காலில் இறங்குகிறது.

தீவனம் செரிக்கும்போதும் உடம்பு சூடேறும். அதனால் விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாய்ந்ததும் ஒருமுறை. நடுவில் தட்டை எடுத்துவிடுகிறேன். முட்டை ஓடு மெலிந்தால் பதற வேண்டாம். இரைப்பதால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ஓடு கட்டுவது பாதிக்கப்படுகிறது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

கொட்டகையில் காற்று, கோழி நிற்கிற உயரத்தில் ஓட வேண்டும். தகரக் கூரைக்கு வெள்ளையடியுங்கள். தரையில் கூளம் தடிமனாக இருந்தால் அது மக்கிச் சூடு கக்கும். இரண்டு அங்குலத்துக்குக் குறைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். காற்று வறண்டு ஓடினால் சரி. புழுக்கத்தில் தெளித்தால் இரைப்பதற்கே பலன் இல்லாமல் போகும். நான் கூரையின் மேல் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காற்றுக்காக இரவில் கதவைத் திறந்து வைக்கும் ஆசை வரும். திறக்கிற இடத்தில் கெட்டியான, சிறுகண் கம்பிவலை அடியுங்கள். மெல்லிய வலையை நாய் கடித்தே கிழித்துவிடும்.

இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து நின்றால் கோழி வெயிலைச் சமாளிக்கிறது என்று பொருள். கண் சொருகி, தலை தொங்கி, தள்ளாடினால்தான் ஆபத்து. நிழலுக்குத் தூக்கிப் போய்க் காலையும் வயிற்றடியையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அலகின் நுனியை நனைத்தால் தெம்பு வந்ததும் தானே குடிக்கும். மற்றபடி நடுப்பகலில் கோழியைப் பிடிப்பது, துரத்துவது, இடம் மாற்றுவது எதுவும் கூடாது.

இதற்கு விலக்கு அடைக்கோழி. அது தாகமெடுத்தாலும் முட்டையைவிட்டு எழ மனமின்றி உட்கார்ந்தே வெந்துபோகும். வெயில் ஏறுமுன் ஒருமுறை தூக்கித் தண்ணீர் முன்னால் விடுகிறேன். ஒவ்வொரு முறையும் கையைக் கொத்துகிறது, கொத்தட்டும்.