கேம் கரண் கரும்புக்காடு 1/72 அளவில்: சேற்றில் சிக்கிய பாட்டன் டாங்கிக் காட்சியை அமைக்கும் முறை

போர்க்களக் காட்சியைச் சிறிய அளவில் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் டாங்கியை முதலில் வாங்கிவிட்டு, அதை நிறுத்த ஓர் இடத்தைப் பிறகு யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. எந்தப் போர், எந்த மாதம், எந்த மண் என்பவற்றை முடிவு செய்த பின்னரே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம் கரண் பகுதியில் நடந்த அசல் உத்தர் போர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் முன்னேறி வந்த பகுதியில் இந்தியப் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கிவிட்டு, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த கரும்புக்குள் மறைந்திருந்து சுட்டனர். சேற்றில் சிக்கிய பாட்டன்கள் பல அங்கேயே கைவிடப்பட்டன. சிக்கிய ஒரு டாங்கி, கரும்பு வயலின் ஓர் ஓரம், குண்டு விழுந்து சரிந்த ஒரு செங்கல் வீடு ஆகிய மூன்றும் போதும். டாங்கியையும் சாயங்களையும் தவிர மற்ற எல்லாப் பொருளும் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கிடைத்துவிடும்.

அளவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 1/72 அளவில் ஒரு மீட்டர் என்பது சுமார் 14 மில்லிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 23.6 மில்லிமீட்டர், ஏழடிக் கதவு 30 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்பது அங்குலச் சுவர் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 3.65 மீட்டர் அகலமுள்ள எம்-48 பாட்டன் ஏறத்தாழ 51 மில்லிமீட்டர் அகலத்தில் வரும். அடிப்பலகை 25 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் உங்கள் கையில் இருப்பது 18 மீட்டர் நீளமும் 14.4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம், அவ்வளவே.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஓர் ஆசையைக் கைவிட வேண்டியிருக்கும். அசல் உத்தர் என்றதும் நினைவுக்கு வருபவர் 106 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய ஜீப்பிலிருந்து பாட்டன்களைச் சுட்டு வீழ்த்தி, செப்டம்பர் 10 அன்று வீரமரணம் அடைந்து, பரம்வீர் சக்ரா விருது பெற்ற அப்துல் ஹமீது. அந்த ஜீப்பையும் அது சுடும் டாங்கியையும் ஒரே பலகையில் வைக்கத் தோன்றும். நூறு மீட்டர் தொலைவைக் காட்டுவதற்கே 1.4 மீட்டர் நீள மேசை வேண்டும் என்னும்போது, பதினெட்டு மீட்டருக்குள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் அது பொம்மைக் கடைச் சண்டையாகிவிடும். ஜீப் வேண்டுமென்றால் அதற்கெனத் தனிப் பலகை செய்யுங்கள். அந்தப் பீரங்கி சுடும்போது பின்பக்கமாகத் தீயும் காற்றும் சீறும் என்பதால் அதன் பின்னால் வீரர்களை நிறுத்தாதீர்கள்; பின்னாலுள்ள தோகை கிழிந்து, மண் பறந்து கிடக்க வேண்டும்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய டாங்கிகள் பலவும் 1/76 அளவிலானவை. அவற்றை 1/72 மனித உருவங்களுடன் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு தெரியும். எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள்.

அடிப்பலகைக்கு 12 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகை ஏற்றது; தச்சுப் பட்டறைகளில் மிச்சத் துண்டாகவே கிடைக்கும். ஈரம் ஏறினால் வளையும் என்பதால் இருபுறமும் ஓரங்களிலும் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் தெர்மோகோலை வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டி, வாய்க்கால், வரப்பு, சேற்றுப் பள்ளம் ஆகியவற்றைக் கத்தியால் செதுக்குங்கள். ஸ்ப்ரே பெயின்ட்டும் ஃபெவிக்விக்கும் தெர்மோகோலைக் கரைத்துவிடும். ஆகவே மேலே சுவர்ப் பட்டியைக் குழைத்து முழுவதும் பூசி மூடும்வரை அவற்றைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

இனி மண். நம் பக்கத்துச் செம்மண்ணை அள்ளிப் போட்டால் அது கேம் கரண் ஆகாது. பஞ்சாபின் ஆற்று வண்டல் சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு நிறம் கொண்டது. நனைந்தால் கருமை ஏறும். தென்பெண்ணைக் கரையில் எடுத்த வண்டலுடன், கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் காய்ந்து கிடக்கும் சாம்பல் நிறத் தூளைக் கலந்தால் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கல்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைச் சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம் வேண்டும். நிறத்தைவிடப் பெரிய சிக்கல் பருமன். ஒரு மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் ஏழு சென்டிமீட்டர் கல்லாகத் தெரியும். எம்-சாண்டை அப்படியே தூவினால் வயல் கல்குவாரியாகிவிடும். பழைய வேட்டித் துணியில் சலித்து, கீழே விழுந்த மாவு போன்ற தூளை மட்டும் எடுங்கள். துணியில் தங்கியது வீட்டின் இடிபாட்டுக்கு உதவும். வண்டலை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்த பிறகு பயன்படுத்தினால் பூஞ்சை பிடிக்காது. பணத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கோதுமைப் பசையால் எதையும் ஒட்டாதீர்கள். எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்ததாகிவிடும்.

சலித்த மண், ஃபெவிகால், சிறிது நீர், பழுப்பு அக்ரிலிக் சாயம் ஆகியவற்றை வடை மாவுப் பதத்தில் குழைத்துப் பரப்புங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தக் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கையகலப் பரப்பாக வேலை செய்வது நல்லது. கலவை ஈரமாக இருக்கும்போதே டாங்கியின் அடிப்பகுதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அது சிக்கிய இடத்தில் அழுத்தி எடுத்துவிட வேண்டும். பாட்டன் நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சங்கிலிப் பட்டையின் கீழ்ப்பகுதி முழுவதும் புதைந்து, ஆறு சக்கரங்களும் பாதிவரை மறைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். பக்கவாட்டில் பிதுங்கிய சேற்றை ஈரக் கரண்டிக் காம்பால் மேலே தள்ளிவிடுங்கள். வண்டி வந்த வழியில் மிச்சமுள்ள சங்கிலித் துண்டை அழுத்தித் தடம் பதிக்கும்போது, தொடக்கத்தில் தடம் ஆழம் குறைவாகவும், வண்டியை நெருங்க நெருங்க ஆழமாகவும், கடைசி நான்கு சென்டிமீட்டரில் சங்கிலி வெறுமனே சுழன்றதால் வடிவம் அழிந்து குழம்பியும் இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு இங்கே நடந்ததைச் சொல்வது இந்தத் தடம்தான். ஆகவே இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள்.

வீட்டுச் சுவருக்கு 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டே ஒன்பது அங்குலச் சுவரின் கனத்தைத் தந்துவிடுகிறது. மேல்தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 1.2 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைக்கோடுகள் இழுத்துச் செங்கல் வரிசைகளைப் பதியுங்கள். சுவர் முழுவதும் செங்கல்லைக் காட்டத் தேவையில்லை. மண் பூச்சு உதிர்ந்த இடங்களில் மட்டும் தெரிந்தால் போதும். இடிந்த விளிம்பு நேர்கோடாக இராது, படிக்கட்டுபோல வரிசை வரிசையாக இறங்கும். குண்டு துளைத்த இடத்தில் நுழைந்த பக்கத்தைவிட வெளியேறிய பக்கத்துத் துளை பெரியதாக இருக்கும். பலரும் தவறவிடுவது இடிபாட்டின் அளவை: சுவரில் காணாமல் போன செங்கற்கள் எல்லாம் கீழே கிடந்தாக வேண்டும். சுவரிலிருந்து வெட்டியெடுத்த ஃபோம் துண்டையே பொடிப்பொடியாக நறுக்கி அடியில் கொட்டினால் கணக்குச் சரியாகிவிடும். மண் கூரையைத் தாங்கிய மரவிட்டங்கள் ஒருமுனை சுவரிலும் மறுமுனை குவியலிலுமாகச் சாய்ந்து கிடக்கட்டும். தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்தால் விட்டம் கிடைத்துவிடும்.

டாங்கிக்கு முதலில் பிரைமர், பிறகு ஆலிவ் பச்சை. பெட்டியில் குறிப்பிட்ட பச்சையை அப்படியே அடித்தால் சிறிய பொருளில் இருண்டு தோன்றும் என்பதால் சிறிது மஞ்சள்பழுப்புச் சாயம் கலந்து வெளுப்பாக்க வேண்டும். காய்ந்தபின், பழுப்பு ஆயில் பெயின்ட்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் மட்டும் விடுங்கள். மூன்று நாள் சண்டையில் சேறும் தூசும் படியுமே தவிர, வண்டி துருப்பிடித்துவிடாது. கவச உடலில் ஆரஞ்சுத் துருவைப் பூசும் வழக்கத்தை இந்தக் காட்சியில் விட்டுவிடலாம். துரு வேண்டுமென்றால் சங்கிலியிலும் புகைபோக்கி மூடியிலும் ஒரு பொட்டு போதும்.

கரும்புதான் பொறுமையைச் சோதிக்கும். மூன்று மீட்டர் கரும்பு 42 மில்லிமீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் கொண்டது. தென்னை ஈர்க்கு இதற்குத் தடிமன் அதிகம், பூந்துடைப்பத்தின் மெல்லிய காம்புகள் சரியாகப் பொருந்தும். தோகைக்கு, இருபுறமும் பச்சை அடித்துக் காய்ந்த மெல்லிய தாளை முக்கால் மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டி, விரலிடுக்கில் வைத்து இழுத்து வளைத்து, காம்பின் மேல்பாதியில் மாறிமாறி ஒட்டுங்கள். ஒட்டும்முன் பாலக்கோடு பக்கம் நின்றுகொண்டிருக்கும் கரும்பு வயலை ஒருமுறை பார்த்துவருவது நல்லது. தோகை எந்த உயரத்தில் வளைகிறது, அடியில் காய்ந்த சோகை எப்படித் தொங்குகிறது, வயலின் விளிம்பில் எத்தனை கரும்பு சாய்ந்திருக்கிறது என்பவை படங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. நூறு கரும்புக்கு மேல் தேவைப்படும், ஆனால் முழுத் தோகையோடு செய்ய வேண்டியவை முன்வரிசை மட்டுமே. பின்வரிசைகளுக்கு நுனியில் இரண்டு கீற்றுகள் போதும். சோகைக்குக் காவேரிப்பட்டினத் தென்னந்தோப்புகளில் கிடைக்கும் நாரைக் குட்டையாக நறுக்கித் தூவுங்கள். டாங்கி நுழைந்த வழியிலுள்ள கரும்பெல்லாம் வண்டி போன திசையில் படுத்துக் கிடக்க வேண்டும்.

எல்லாம் காய்ந்து ஒட்டியபின் நீர். நிறமற்ற எபாக்சி ரெசினைத் தடங்களிலும் வாய்க்காலிலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் ஊற்றி, ஒரு நாள் இறுகவிட்டு, தேவையென்றால் அடுத்த அடுக்கை ஊற்றலாம்; மொத்தமாக ஊற்றினால் சூடேறிக் கீழுள்ள தெர்மோகோல் பாதிக்கப்படும். சேற்றுநீர் என்பதால் ஒரு துளி பழுப்புச் சாயம் கலந்துகொள்ளுங்கள். பலகையின் ஓரத்தில் ரெசின் வழியாதிருக்க, அகலமான செல்லோ டேப்பால் சுற்றி அணை கட்டிக்கொள்ள வேண்டும். ரெசின் முழுவதும் இறுகிய பிறகு கண்ணாடிப் பெட்டியால் மூடி, நேர்வெயில் படாத சுவரோரம் வையுங்கள். தாள் தோகையின் பச்சை வெயிலில் வெளுத்துவிடும்.