காற்றும் உப்பும் தின்னும் டீசல்: கடற்கரை ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு

இராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன் பாலத்தை விட்டால் சொல்லும்படி ஏற்றம் கிடையாது. சமதளம்தானே, மைலேஜ் தானாக வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

முதலில் கணக்கு. ஒரே பங்கில், ஒரே பம்பில், சமமான இடத்தில் நிறுத்தி, நாசில் தானாகக் கட் ஆகும்வரை டீசல் நிரப்புங்கள். நடை முடிந்து வந்ததும் அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடியது 380 கி.மீ., ஊற்றியது 95 லிட்டர் என்றால் மைலேஜ் 4. ஒரு நடையை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று நடையாவது பாருங்கள். அன்றைக்குக் காற்று எந்தத் திசை என்பதையும் நோட்டில் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இந்தக் கரையில் கணக்கைக் கவிழ்ப்பது அதுதான்.

ஆனி, ஆடியில் காற்று மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும். கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிற வண்டி அதை முட்டிக்கொண்டே போக வேண்டும். திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளும். கார்த்திகை, மார்கழி வாடையில் தேவிபட்டினம், தொண்டி பக்கம் போவது எதிர்க்காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 25 கி.மீ. வேக எதிர்க்காற்றில் நீங்கள் 60-ல் போனால் வண்டியின் முகத்தில் அடிப்பது 85. 50-க்கு இறங்கினால் 75. தடை ஏறக்குறைய 22 சதவீதம் குறைகிறது. நேரத்தில் கூடுவது 100 கி.மீ.க்கு 20 நிமிடம். முடிந்தால் எதிர்க்காற்று நடையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

கரி ஏற்றுகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். சீமைக்கருவேலங் கரி எடை குறைவு என்று கேபினுக்கு மேல் மூட்டையை அடுக்கிக்கொண்டே போவார்கள். எடை இருக்காது, மைலேஜும் இருக்காது. கூடுமானவரை கேபின் உயரத்தோடு நிறுத்துங்கள். தார்ப்பாயில் முன் ஓரத்தை முதலில் இறுக்கிக் கட்டிவிட்டு அப்புறம் பக்கங்களுக்கு வாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திக் கயிற்றை இன்னொரு முறை இழுங்கள். மூட்டை அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.

அடுத்தது உப்பு. வாலிநோக்கம், திருப்பாலைக்குடி உப்பளங்களில் லோடு ஏற்றும் வண்டியில் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஒழுகி, லைனரை டிரம்மோடு அழுத்தும் பிரேக் கேம் ஷாஃப்டைத் துருப்பிடிக்க வைக்கும். பெடலை விட்ட பிறகும் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி இழுக்கவில்லையே என்று இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. கோளாறு சக்கரத்தில் இருக்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் 20 கி.மீ. ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட்டுவிடாதீர்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான். பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் அந்தச் சக்கரம் இறுகி நிற்கும். உப்பு நடை முடிந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேம் ஷாஃப்ட் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை மட்டும் கிரீஸ் அடியுங்கள். கூடிப்போனால் லைனரில் படும், பிரேக் பிடிக்காது. மீன் ஏற்றும் ஐஸ் வண்டிக்கும் இதே கதைதான்.

கியர் பற்றி எல்லோரும் சொல்வதுதான், இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் பச்சைக்குள் இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் மட்டும் கவனம்: டாப் கியரில் முள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கி இன்ஜின் திணறினால் ஒரு கியர் குறைத்துவிடுங்கள். மிதித்துத் திணறடித்தால் புகைக்கரி கூடும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டியில் அந்தக் கரியை எரிக்கவும் டீசல்தான் செலவாகும்.

உப்பள வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்துங்கள். சும்மா ஓடினாலே மணிக்குச் சுமார் 2 லிட்டர் போகும். லோடோடு இழுத்து வந்த வண்டியானால் டர்போ ஆற இரண்டு, மூன்று நிமிடம் விட்டு நிறுத்துங்கள், அது போதும். காலையில் பிரேக்குக்கு ஏர் ஏறட்டும் என்று கால் மணி நேரம் ரேஸ் கொடுப்பது இன்னொரு வீண் செலவு. இரவு முழு ஏரோடு நிறுத்தி, காலையில் ஏர் கேஜ் முள்ளைப் பாருங்கள். பாதிக்குக் கீழே வந்திருந்தால் லீக் இருக்கிறது. ஹோஸ், ஜாயின்ட்களில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

டயர் காற்றை வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் கேஜ் வைத்துப் பாருங்கள். ராடால் தட்டிப் பார்ப்பது கணக்கில்லை. பின்பக்க ஜோடியில் உள் டயரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், வால்வு எட்டாது என்று. நீட்டிப்புக் குழாய் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். வழியில் டயர் சூடேறி அளவு கூடுதலாகக் காட்டினால் காற்றைப் பிடுங்கக் கூடாது; ஆறியதும் குறைவாகிவிடும்.

பாம்பன் பாலத்து இறக்கத்தில் நியூட்ரல் தட்டினால் டீசல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. இப்போதைய இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும் பாலத்தில் வண்டி பிடியில்லாமல் உருளும் ஆபத்து வேறு.