நாரி நோவுக்கு விஆர் விளையாட்டு: எங்கே பிழை விடுகிறோம்?

வன்னியில் நாரி நோ, அதாவது இடுப்புப் பக்க முதுகுவலி, இல்லாத வீடு குறைவு. வயலில் குனிந்து வந்த நோவும் உண்டு, 2009 போரில் ஏறிய செல் (எறிகணை) துண்டு உள்ளேயே கிடந்து தரும் நோவும் உண்டு. முகத்தில் மாட்டினால் கண்முன்னே கணினி உலகம் ஒன்றைக் காட்டும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடியை வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பினால், போட்டவுடன் நோ நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறோம். முதல் பிழை அதுதான். தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது மனதைத் திருப்பப் பனி உலகம் காட்டும் விளையாட்டை 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அது அந்த நேரத்து வலிக்கு. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் நோவில், அசைந்தால் கூடிவிடும் என்ற பயத்தில் இறுகிய உடம்பை மெல்ல அசையப் பழக்கும் விளையாட்டுத்தான் வேண்டும்.

நோ குறைந்த நாளில் ஒரு மணித்தியாலம் ஆடிவிட்டு, இரண்டு நாள் பாயில் கிடந்து, ‘இது சரிவராது’ என்று மூலையில் வைப்பதுதான் எனக்கு மிகப் பெரிய பிழையாகப் படுகிறது. 2021 நவம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதித்த விஆர் திட்டத்திலேயே ஒரு தடவைக்கு 2 முதல் 16 நிமிடம்தான், அதுவும் 8 வாரம். ஆகவே 5 நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் உடம்பைப் பார்த்து ஒரு நிமிடம் கூட்டுங்கள். நோ கூடின நாளில் 2 நிமிடமாவது ஆடுங்கள்.

துப்பாக்கியும் குண்டுச் சத்தமும் உள்ள விளையாட்டை, முள்ளிவாய்க்கால் வரை நடந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டவே வேண்டாம். கண்ணும் காதும் மூடியிருக்கும்போது திடீரென்று ஒரு சத்தம் வந்தால் உடம்பு விறைத்துவிடும், நோவும் கூடும். முதலில் நீங்கள் முழுதாக ஆடிப் பாருங்கள்.

பொய்க்கால் போட்டவர் கதிரையில் இருந்தே ஆடட்டும், கண்ணாடிக்குள் நிலம் தெரியாது. தலைசுற்றினால் கழற்றிவிடுங்கள். வலிப்பு உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். கால் புதிதாக மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்கள் விடும் பிழை ஒன்று. ‘ஆடேக்க சிரிச்சவர்தானே, அப்ப நோ பொய்’ என்று சொல்லாதீர்கள். கவனம் வேறு பக்கம் போனால் நோ தணிவது மூளையின் இயல்பு. கண்ணாடியைக் கழற்றியதும் அவர் நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பினால், கையைக் கொடுத்துத் தூக்கிவிடுங்கள்.