மூணு தீவு, அஞ்சு நாள், ஒரு சைக்கிள்: ஃபெரிய விடாம போறது எப்படி

மலேசியாவுல பங்கோர், பினாங்கு, லங்காவின்னு மூணு தீவையும் பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட்டுல இருந்து சைக்கிள்லயே முடிக்கலாமான்னு தோட்டத்துப் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. முடிக்கலாம், அஞ்சு நாள் லீவு போடுங்க. கால் வலியெல்லாம் அப்புறம், இந்தப் பயணத்துக்கு முதலாளி ஃபெரி டைம்தான்.

அதனால எத்தன மணிக்குக் கெளம்பலாம்னு வீட்டுல இருந்து கணக்குப் போடாதீங்க, ஜெட்டில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. பையோட, வெயில்ல, தண்ணிக்கு நின்னு நின்னு போனா மணிக்கு 15 கிலோமீட்டர்தான், அதுக்கு மேல ஓட்டுவேன்னு சொல்றவன நம்பாதீங்க. பங்கோர் படகு ஏறுற லுமுட் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், அப்ப 7 மணி நேரம், மழைக்கு ஒண்ணு, பஞ்சருக்கு ஒண்ணு, ஆக 3 மணி படகு வேணும்னா காலைல 6 மணிக்கு ரோட்டுல இருக்கணும், இருட்டாதான் இருக்கும், முன்னாடி பின்னாடி லைட் போடுங்க. கடைசி படகு எப்பன்னு முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்குங்க, ஸ்கூல் லீவுன்னா டிக்கெட்டும் எடுத்துடுங்க.

முதல் நாள் கோலகங்சார், மானோங், புருவாஸ் வழியா லுமுட். வழி பூரா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம், லோரில இருந்து விழுந்த மட்டை முள்ளு ரோட்டோரம் கெடக்கும், ஏறுச்சுன்னா டயருக்குள்ளயே ஒடஞ்சு நின்னுக்கும். பசங்க டியூப்ப மட்டும் மாத்திட்டு ஓட்டுவாங்க, அரை மணில திரும்பவும் பஞ்சர். பழைய பனியன் துணிய டயர் உள்பக்கமா சுத்தித் தேய்ங்க, எங்க நூலு மாட்டுதோ அங்கதான் முள்ளு இருக்கு, பிளையர்ல புடுங்கிட்டு அப்புறம் புது டியூப்ப போடுங்க. நான் மூணு டியூப் வச்சிருப்பேன்.

ராத்திரி பங்கோர்ல தூங்கி, காலைல பசியாறிட்டு தீவ ஒரு சுத்து. தூரம் கம்மிதான், ஆனா வடக்குப் பக்கத்து ஏத்தத்துல இறங்கித் தள்ளுனா வெக்கப்படாதீங்க, நானும் தள்ளுனவன்தான். அப்புறம் பந்தாய் ரெமிஸ், தெரோங் வழியா தைப்பிங் பக்கம் போய்ப் படுத்துக்கலாம்.

மூணாவது நாள் பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால், பட்டர்வொர்த். ஹைவேலயும் பினாங்கு பாலத்துலயும் சைக்கிளுக்கு அனுமதி இல்ல, பழைய ரோட்டுல பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெரிதான். 2023 ஆகஸ்ட்ல வந்த புது ஃபெரில காரு ஏறாது, மோட்டர் சைக்கிளும் சைக்கிளும் ஏறும், உருட்டிக்கிட்டே போயிடலாம்.

மத்த ரெண்டு தீவுக்கும் ஆளுங்க போற படகு, அங்கதான் வேலையே. சைக்கிளுக்குத் தனியா காசு கேப்பாங்க, கொடுத்துடுங்க. பைய கழட்டிட்டு, சங்கிலி இருக்கற பக்கம் மேல பாக்க வச்சு, பழைய டியூப்ப நீளமா வெட்டி அதாலயே கம்பில கட்டுங்க. அந்தப் பக்கம் இறங்குனதும் முதல் வேலை நல்ல தண்ணி ஊத்திக் கழுவறது, அப்புறம் சங்கிலிக்கு எண்ணெய், இல்லன்னா உப்புக்கு ஒரே ராத்திரில துரு ஏறிடும்.

நாலாவது நாள் அதே ஃபெரில பட்டர்வொர்த் திரும்பி, சுங்கை பட்டாணி, பீடோங், மெர்போக், யான், அப்புறம் லங்காவி படகு ஏறுற கோல கெடா. யான் தாண்டுனா வயக்காடு, ரோடு தட்டையா சுகமா தெரியும், ஆனா எதிர்க்காத்து வந்துச்சுன்னா 15 எல்லாம் மறந்துடுங்க. போன தடவ இந்த நாள்லதான் நான் மாட்டுனேன். யான்ல ரெண்டு ரொட்டி சானாய் போதும்னு கூட வந்தவரு சொன்னாரு, நான்தான் மூணாவது கேட்டேன், அது வேகறதுக்குள்ள போன நேரம், ஜெட்டிக்கு வந்தப்ப கடைசி படகோட வாலுதான் தெரிஞ்சிச்சு. விடிய விடிய பெஞ்சுல கொசுக்கடி, டிக்கெட் காசும் போச்சு.

அஞ்சாவது நாள் லங்காவி. கால்ல தெம்பிருந்தா கூனோங் ராயா மலை ஏறுங்க, 881 மீட்டர், பைய ரூம்லயே போட்டுட்டுப் போங்க. தெம்பில்லன்னா செனாங் கடற்கரைல காலை நீட்டிக்கலாம்.

திரும்பி வரவும் சைக்கிள்தான்னு வீராப்பு பேசாதீங்க. லோரி வச்சிருக்கற சொந்தக்காரர் யாரையாச்சும் கோல கெடாவுக்கு வரச் சொல்லுங்க, வாடகைக்குப் பதிலா லங்காவி சாக்லெட்டு. என் மச்சான் அப்படித்தான் வந்தாரு, அவருக்கு மட்டும் ஃபெரி டைம் சொல்ல மறந்துட்டேன், மூணு மணி நேரம் காத்திருந்த கோவத்துல சாக்லெட்டு ரெண்டு பங்கு வாங்கிக்கிட்டாரு.