வைஃபை வாசல் தாண்ட வேண்டுமா? கேபிளை வெளியே கொண்டுபோங்கள்

ஹாலில் தடையில்லாமல் ஓடும் வீடியோ, போனோடு தோட்டத்துக்குப் போனதும் சுற்றத் தொடங்கும். உடனே பலர் செய்வது, இணையப் பிளானை அடுத்த வேகத்துக்கு மாற்றுவது. அதனால் தோட்டத்தில் எதுவும் மாறாது. ஃபைபர் கொண்டுவரும் வேகம் ரூட்டர் வரைக்கும்தான். அங்கிருந்து போன் வரை வருவது ரேடியோ அலை. அதை மறிப்பது சுவர்.

வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 20 டெசிபலைச் சுலபமாகத் தின்றுவிடும். ஒரே ஒரு சுவர், தூரத்தைப் பத்து மடங்கு ஆக்கியதற்குச் சமம்! வெயில் சூட்டைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடியும் ஏறக்குறைய இதே அளவு தடுக்கும். 'கண்ணாடிதானே, சிக்னல் போய்விடும்' என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ஆகவே உள்ளே இருந்துகொண்டு சுவரோடு மல்லுக்கட்டுவதில் லாபமில்லை. சுவரைக் கடக்க வேண்டியது கேபிள். வைஃபை சுவருக்கு அந்தப்பக்கம் தொடங்க வேண்டும்.

'அதிக சக்தியில் அனுப்பும் ரூட்டர் வாங்கினால் போதாதா?' போதாது. வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் மைக்கில் கத்தினாலும், போன் சாதாரணக் குரலில்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் சுவரைத் தாண்டி ரூட்டருக்குக் கேட்க வேண்டும். போனில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் மெசேஜ் போகாமல் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் அளந்து பாருங்கள்

வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, இணையம் வேண்டிய இடங்களில் நின்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் டிபிஎம் என்ற அலகில், மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. வீடியோ கால் தடையில்லாமல் ஓட மைனஸ் 67 வேண்டும். மைனஸ் 75-இல் இழுபறி. மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அளக்கும்போது நின்ற இடத்திலேயே ஒரு சுற்று திரும்புங்கள். உடம்பும் அலையைத் தடுக்கும், எனவே ஒரு திசையில் மட்டும் பார்த்த எண்ணை நம்பக் கூடாது.

மைனஸ் 72 மாதிரி, கொஞ்சம்தான் குறைகிறது என்றால் செலவில்லாமலே சரிசெய்யலாம். ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தோ இரும்பு பீரோ பக்கத்திலிருந்தோ எடுத்து, வெளிப்பக்கம் பார்த்த சாதாரணக் கண்ணாடி ஜன்னல் அருகே வையுங்கள். ஃபைபர் பாக்ஸ் இருக்கும் இடத்தை மாற்ற முடியாவிட்டால் அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து ரூட்டரை மட்டும் நகர்த்தலாம். ஃபைபர் இழையை நீங்களே வளைக்கவோ, கழற்றி மாட்டவோ வேண்டாம். கூர்மையாக மடித்தால் ஒளி கசியும், முனையில் தூசி பட்டாலும் சிக்னல் சரியும். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. முனையை உற்றுப் பார்ப்பது ஆபத்து. ஃபைபரை ஸ்பிளிட்டரால் பிரித்து இரண்டாவது பாக்ஸ் மாட்டலாம் என்ற யோசனையும் பலிக்காது. நிறுவனத்தின் பதிவில் இல்லாத பாக்ஸ் இணைப்பே எடுக்காது.

ரிப்பீட்டர் (ரூட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி வீசும் கருவி) பற்றி ஒரு வார்த்தை. அதை சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். மைனஸ் 65 கிடைக்கும் நடுவழியில்தான் வைக்க வேண்டும். ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரகத்தில் வேகம் பாதியாகும். வெளியே ஒரு பல்பையும் வாசல் மணியையும் இணைக்க இது போதும். கேமராவுக்கும் வீடியோ காலுக்கும் நம்ப வேண்டாம்.

வாங்க வேண்டியவை

நிலையான வழி, வெளிப்புற அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக வீசும் கருவி) ஒன்றை லேன் கேபிளில் இணைப்பதுதான். ஐபி65 தரமாவது இருக்கட்டும்; தூசி புகாது, நீர் பீய்ச்சினாலும் தாங்கும். வீட்டுக்குள் வைக்கும் ரூட்டரை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வெளியே தொங்கவிடுபவர்களும் உண்டு. பகலில் டப்பா சூடேறும், இரவில் உள்ளே நீர் வியர்க்கும். ஆயுள் குறைவு.

மின்சாரத்தைத் தனியாக வெளியே இழுக்க வேண்டியதில்லை. பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) முறையில் லேன் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோகும்; அதை ஏற்றுவது வீட்டுக்குள் வைக்கும் இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி. 802.3ஏஎஃப் தரம் தொடங்கும் முனையில் 15.4 வாட் கொடுக்கும், கருவிக்குச் சுமார் 13 வாட் போய்ச் சேரும். 802.3ஏடி என்றால் 30 வாட், கருவிக்கு 25.5. அக்சஸ் பாயின்ட் எதைக் கேட்கிறது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில கருவிகள் 24 வோல்ட் பாசிவ் பிஓஇ வகை. அவற்றின் இன்ஜெக்டர், எதிரே இருப்பது என்ன என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பிவிடும். அந்த இன்ஜெக்டரில் தவறுதலாக லேப்டாப்பைச் செருகினால் போர்ட் கருகலாம்.

கேபிளில்தான் வேலை கெடுவதும் நிலைப்பதும். கேட் 6, முழுச் செம்பு, ஒற்றைக் கம்பி வகை, வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎதிலீன் உறை. இந்த நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். மலிவான கேபிளில் அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியிருப்பார்கள். உறையில் 'சிசிஏ' என்ற மூன்றெழுத்து இருந்தால் அதுதான். சந்தேகமாக இருந்தால் கம்பி முனையைக் கத்தியால் சுரண்டுங்கள், வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். மின்தடை கூடுதலாக இருப்பதால் பிஓஇ மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். வளைத்தால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளோ சில வருட வெயிலில் உறை வெடித்துவிடும். ரூட்டரில் இருந்து அக்சஸ் பாயின்ட் வரை மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவர் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அளந்து, 3 மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.

கேபிள் போடும் வேலை

துளையை உள்ளிருந்து வெளியே, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் போடுங்கள். மழைநீர் உள்ளே வழியாது. முனையில் கனெக்டர் மாட்டிய கேபிள் நுழைய 16 மில்லிமீட்டர் துளை வேண்டும். வெறும் கேபிளை நுழைத்துவிட்டு அப்புறம் கனெக்டர் அடித்தால் 8 மில்லிமீட்டர் போதும், அடைப்பதும் சுலபம். துளையிடும் முன் அந்தச் சுவருக்குள் மின் ஒயரோ தண்ணீர்க் குழாயோ ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிச்சுவரில் கேபிள் துளைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு கை அளவு கீழே தொங்கி மேலேற வேண்டும். கேபிளில் ஓடிவரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். அக்சஸ் பாயின்ட் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு தொங்கல் விடுங்கள். துளையை அடைக்க நியூட்ரல் வகை சிலிகான் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானில் வெளியேறும் அமிலம் செம்பை அரிக்கும்.

மின் ஒயர் ஓடும் பாதையோடு லேன் கேபிளை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மண்ணுக்கடியில் போவதானால் பிவிசி பைப்புக்குள்தான். பைப்பில் ஒரு இழு கயிற்றையும் சேர்த்துப் போட்டுவைத்தால் பிற்பாடு இன்னொரு கேபிள் தேவைப்படும்போது மறுபடி தோண்ட வேண்டாம்.

கனெக்டர் அடிக்கும்போது கிளிப் கீழே, செம்பு முனைகள் மேலே, கேபிள் நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டு கம்பிகளையும் ஒரே மட்டமாக வெட்டி உள்ளே தள்ளியபின் கனெக்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள்; எட்டு செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். கேபிளின் வெளியுறையும் கனெக்டருக்குள் போய் அழுந்தியிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் கேபிளின் எடை முழுவதும் அந்த மெல்லிய கம்பிகள் மேல் விழும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்த பிறகே ஏணியில் ஏறுங்கள்.

எங்கே மாட்டுவது

தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் வசதியானது. நாலாபுறமும் பரப்பும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாக வீசும். நேர் கீழே மெலிந்திருக்கும். மிக உயரத்தில் வைத்தால் வீட்டைத் தாண்டி எங்கோ சிக்னல் போகும், அடியில் நிற்பவருக்குக் கிடைக்காது. வீட்டுச் சுவரிலிருந்து தோட்டத்தை நோக்குவதானால் ஒருபக்கம் மட்டும் வீசும் ஆன்டெனா உத்தமம். தகரக் கூரை, இரும்பு கிரில், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இலைகளில் இருப்பதும் நீர்தான். அடர்ந்த மரம் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே தடுக்கும், மழையில் நனைந்த மரம் இன்னும் அதிகமாக. நிரந்தரமாகத் திருகும் முன், கருவியைக் கம்பத்தில் கட்டிவைத்து, முன்பு குறித்த இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள்.

கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் லேன் சர்ஜ் புரடெக்டர் (திடீர் மின் எழுச்சியைத் தரைக்குத் திருப்பும் கருவி) வைத்து எர்த்தோடு இணையுங்கள். எர்த் இல்லாத சர்ஜ் புரடெக்டர் வெறும் அலங்காரம். நேரடி இடி விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் விழும் மின்னலின் தாக்கத்துக்கே இந்த ஏற்பாடு.

செட்டிங்

பழைய ரூட்டரையே இரண்டாவதாகப் பயன்படுத்தினால் அதை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், முதல் ரூட்டர் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கையில் இதற்கு 192.168.1.2 கொடுத்து, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் (WAN) போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வரும் போர்ட்டில் செருகினால் வெளியே ஒரு நெட்வொர்க், உள்ளே ஒரு நெட்வொர்க் என்று பிரியும். தோட்டத்தில் இருக்கும் போனால் ஹாலில் இருக்கும் டிவியைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கருவியின் நாட்டு அமைப்பைச் சரியாக வைத்துவிட்டு, அது வெளிப்புறத்துக்கு அனுமதிக்கும் சேனலையே எடுங்கள். சில நாடுகளில் 36 முதல் 48 வரை கட்டடத்துக்குள் மட்டும்தான். 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள்; ரேடார் சிக்னல் கேட்டதும் கருவி சேனல் மாறும், இணைப்பு ஒரு கணம் அறுபடலாம். 6 கிகாஹெர்ட்ஸைத் தோட்டத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். பல நாடுகளில் அது வீட்டுக்குள் குறைந்த சக்தியில் இயங்கவே திறந்துவிடப்பட்டிருக்கிறது.

வெளியே தொங்கும் கேபிளைக் கழற்றி யார் வேண்டுமானாலும் லேப்டாப்பில் செருகலாம். கை எட்டாத உயரம் முதல் பாதுகாப்பு. வசதி இருந்தால் வெளிப்புற இணைப்பைத் தனி விலானில் (ஒரே கேபிளிலேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்கில்) வையுங்கள்.

தனியாக நிற்கும் கட்டடம்

பின்னால் இருக்கும் ஷெட், மோட்டார் அறை போன்றவற்றுக்குச் செம்புக் கேபிள் போடவே வேண்டாம். இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டம் வேறாக இருக்கும்; மின்னல் காலத்தில் அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் ரூட்டர் வழியாகப் பாயும். கனெக்டர் பொருத்தியே வரும் சிங்கிள் மோட் ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்ப லேன் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) போதும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் ஜோடியாகவே வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550-இல். இரண்டும் ஒரே வகையாக வாங்கினால் லிங்க் வராது. பச்சைக் கனெக்டரை நீலத்தோடு சேர்க்கவும் கூடாது. முனையின் சாய்வு வேறு.

தோண்டவே முடியாத இடத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட் டு பாயின்ட் பிரிட்ஜ் (எதிரெதிரே நின்று ரேடியோவில் பேசும் ஒரு ஜோடிக் கருவி) இருக்கிறது. அங்கிருந்து இங்கே கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 100 மீட்டர் தூரத்தில், நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி 1.2 மீட்டர் வரை காலியாக இருப்பது நல்லது. வளரும் மரக்கிளையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

வேகம் 90 சொச்சத்தில் நின்று, அதற்கு மேல் ஏறவே இல்லையென்றால் கேபிளில் ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ரூட்டர் பக்கத்தில் லிங்க் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். கனெக்டரை வெட்டி மறுபடி அடியுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும்போது மட்டும் அக்சஸ் பாயின்ட் ரீஸ்டார்ட் ஆனால் மின்சாரம் போதவில்லை: சிசிஏ கேபிள், அல்லது ஏடி தரம் கேட்கும் கருவிக்கு ஏஎஃப் இன்ஜெக்டர்.

மழைக்கு மறுநாள் தகராறு தொடங்கினால் வெளி முனையைக் கழற்றி, செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் சிறு வெட்டு இருந்தாலும் நீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வீட்டுக்குள் இருக்கும் முனை வரை வந்துவிடும். பச்சை பிடித்த கேபிளை முனை வெட்டிப் பிழைக்கவைக்கப் பார்ப்பது வீண், முழுதாக மாற்றுங்கள்.

போன் தோட்டத்துக்கு வந்த பிறகும் ஹால் ரூட்டரையே பிடித்துத் தொங்கினால், கோளாறு வெளியே இல்லை. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். ஹால் ரூட்டரின் சக்தியை ஒரு படி குறையுங்கள். வாசலில் அதன் சிக்னல் மைனஸ் 75-க்குப் போனதும் போன் தானே புதியதைத் தேடும்.

எது பழுது என்றே புரியாவிட்டால் தோட்டத்தில் நின்று ரூட்டரின் முகவரியான 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுங்கள். பதில் சீராக வந்தும் இணையம் இழுத்தால் உங்கள் கேபிளையும் வைஃபையையும் விட்டுவிட்டு ஃபைபர் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பதிலே விட்டுவிட்டு வந்தால் ஏணியை எடுங்கள்.