நட்சத்திரம் கட்டாத வீட்டுக்குப் போவது எப்படி

டிசம்பர் தொடக்கத்தில், இருட்டிய பிறகு தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ கிறிஸ்தவர்கள் மிகுதியாக வாழும் ஒரு தெருவில் நடந்து சென்றால், வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருப்பதையும், நடுவில் ஒன்றிரண்டு வாசல்கள் மட்டும் இருண்டு கிடப்பதையும் காணலாம். பெரும்பாலும் அவை அந்த ஆண்டில் கேதம் நடந்த வீடுகள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் சாவுக்குப் பிறகு வரும் முதல் பண்டிகையைக் கொண்டாடுவதில்லை. நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, குழந்தைகளுக்குக்கூடப் புதுத்துணி எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் பிறருக்கு நம்பிக்கையைக் கொண்டு செல்லுங்கள் என்று எல்லாச் சபைகளிலும் பிரசங்கம் கேட்கிறோம். எந்த வீட்டுக்கு, எந்தக் கிழமையில், கையில் எதை எடுத்துக்கொண்டு என்று கேட்டால் பதில் மங்கலாகத்தான் வருகிறது. அந்த இருண்ட வாசலிலிருந்து தொடங்கலாம் என்பதே என் யோசனை.

போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் கொண்டு செல்வது குதூகலம் அல்ல. இந்த வேறுபாட்டை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். வாலிபப் பருவத்தில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக் குழுவோடு வேனில் ஊர் சுற்றியபோது, மகனைப் பறிகொடுத்து மூன்று மாதமே ஆகியிருந்த ஒரு தாயின் வீட்டு முன்னால், விவரம் கேட்காமல், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் ஆட, டிரம் முழங்க, நாங்கள் கைதட்டிப் பாடினோம். அந்த அம்மா கதவைச் சாத்தவில்லை. பாட்டு முடியும்வரை நிலைப்படியில் நின்று, காணிக்கையும் கொடுத்து அனுப்பினார். கதவைச் சாத்தியிருந்தால் எனக்கு அது இவ்வளவு காலம் நினைவில் தங்கியிருக்காது.

கிறிஸ்து பிறந்த வரலாற்றிலேயே ஓர் அழுகை இருக்கிறது. நம்முடைய கிறிஸ்துமஸ் நாடகங்களில் மட்டும் அது இடம்பெறுவதில்லை. ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொன்ற இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியாவின் வாக்கை மத்தேயு எடுத்துக்காட்டுகிறார். எரேமியாவின் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, பிள்ளைகள் திரும்பி வருவார்கள், உனக்கு நம்பிக்கை உண்டு என்று கர்த்தர் சொல்வது வருகிறது. மத்தேயு அதுவரை போகவில்லை, அழுகையோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கு அடுத்த வசனம் தெரியாமல் இருந்திருக்காது. துக்க வீட்டுக்குப் போகிறவர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இதுவே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்: பதினைந்தாம் வசனத்தை அவர்கள் சொல்லி முடிக்கும்முன் பதினேழாம் வசனத்தை நாம் திறக்கக்கூடாது.

யாரைத் தேடுவது, எப்போது போவது

கடந்த கிறிஸ்துமஸுக்குப் பின் உங்கள் சபையில் யார் யாரை அடக்கம் செய்தார்கள் என்பது ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இருக்கும். நவம்பர் மாதக் கடைசியில் குருவானவரிடமோ, ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடமோ அந்தப் பெயர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுபது குடும்பம் உள்ள சபையில் இரண்டு மூன்று பெயருக்கு மேல் வராது; பெரிய சபையாக இருந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் பிரித்துக்கொள்ளலாம். ஆராதனையில் இதை அறிவிப்பாக வாசிக்க வேண்டாம். தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வீட்டார் உங்களை எதிர்கொள்ளும் விதமே மாறிவிடும்.

போவதற்கு நல்ல காலம், கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் ஆகமன காலத்தின் முதல் வாரம். ஆகமனம் டிசம்பர் 25-க்கு முந்தைய நான்காம் ஞாயிற்றுக்கிழமையில், அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்குகிறது. கத்தோலிக்கர் இதைத் திருவருகைக் காலம் என்பர். பண்டிகையின் ஓசை ஊரை நிரப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை வந்து போயிருந்தால், அந்த ஓசை எழும்போது அவர்கள் தனியே இருப்பதாக உணரமாட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்த கையோடு, பட்டுப்புடவையும் பிரியாணி அவசரமுமாக எட்டிப் பார்ப்பது வேறு வகை வருகை. அதைத் தவிர்ப்பது நல்லது. வார நாளில், மாலை நான்கு ஐந்து மணிக்கு, இரண்டே பேராகச் செல்லுங்கள். இருவரில் ஒருவராவது இறந்தவரை நேரில் அறிந்தவராக இருப்பது நலம். முன்னதாக ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: “அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் உங்களைப் பார்க்க வரலாமா?” என்று கேளுங்கள், வருகிறோம் என்று அறிவிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

கீத பவனி அந்தத் தெருவுக்கு வருவதாக இருந்தால், அதையும் அப்போதே கேட்டுவிடலாம். வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றும். வந்து முழங்கினால் எங்கள் குழு செய்த பிழை நேரும். டிரம் இல்லாமல், பாமாலைப் புத்தகத்திலிருந்து மெதுவான ஒரு பாட்டு, சிறிய ஜெபம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலானோர் வரச்சொல்வார்கள்.

கையில் கொண்டு செல்வது

எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு உறவினரும் அயலாரும் பலகாரம் கொடுப்பது பழைய வழக்கம். முறுக்கு, அதிரசம், குமரிப் பக்கமானால் முந்திரிக்கொத்து, எது என்றாலும் சரி. வாளி நிறையக் கொடுத்துவிட வேண்டாம், வீட்டிலிருப்பவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுங்கள். சர்க்கரைப் பூவும் வாழ்த்து வாசகமும் போட்ட கேக்கைவிட வீட்டில் சுட்ட பலகாரமே அங்கே பொருந்தும். பணத் தேவை இருப்பது தெரிந்தால், உறையில் வைத்து, குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் தனியாகக் கொடுங்கள். எந்த நிலையிலும் புகைப்படம் எடுக்காதீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வருகை படமாக ஏறிய அந்த நிமிடத்தில், அது அவர்களுக்காக நடந்த ஒன்றாக இராமல் போய்விடுகிறது.

சில ஆண்டுகளில் கொண்டு செல்ல வேண்டியது பலகாரம் அல்ல, துடைப்பமும் வாளியும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையூர்களும் தூத்துக்குடி நகரமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. சேற்றை வழித்து, நனைந்த மெத்தையையும் பள்ளிப் புத்தகங்களையும் வெயிலில் காயப்போட இரண்டு கைகள் கூடுதலாகக் கிடைத்த வீட்டில் நம்பிக்கையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்திருக்காது.

பேசுவதும் பேசாதிருப்பதும்

இறந்தவரின் பெயரை நீங்கள் முதலில் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எல்லாவற்றிலும் தேவையானதும்கூட. பெயரைச் சொன்னால் அழுதுவிடுவார்கள் என்று அஞ்சி எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுவதால், அந்தப் பெயர் வெளியார் வாயிலிருந்து கேட்டுப் பல வாரம் ஆகியிருக்கும். “போன வருஷம் அண்ணன்தானே ஏணி போட்டுக் கோயில் கோபுரத்தில் சீரியல் பல்பு கட்டினார்கள்” என்று, நீங்கள் கண்ணால் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். அழுகையை நிறுத்துங்கள் என்று எழுதவில்லை.

“எல்லாம் கர்த்தருடைய சித்தம்”, “தோட்டக்காரர் நல்ல பூவைத்தானே பறிப்பார்”, “இந்தக் கிறிஸ்துமஸை அவர் பரலோகத்தில் கொண்டாடுவார்” என்ற வாக்கியங்களை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுங்கள். இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைச் சொல்லும் உரிமை இழந்தவருக்கு உண்டு. பார்க்க வந்தவருக்கு இல்லை. அவரே சொன்னால் ஆமோதியுங்கள். வேதத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள்; அவர்கள் செய்ததில் குறை சொல்ல முடியாத பகுதி அந்த ஏழு நாள்தான். நமக்கு அரை மணி நேரம் போதும்.

ஜெபம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். ஜெபத்துக்குள்ளே பிரசங்கம் செய்யும் பழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. கடவுளை நோக்கிப் பேசுவதுபோல் அந்த அம்மாவுக்கு உபதேசம் செய்வதைவிட, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்து ஆமென் சொல்லலாம். அதில் ஆறே வசனங்கள்தான் இருக்கின்றன. முறையீட்டில் தொடங்கி, யாரும் இழுத்துப் போகாமலே, பாட்டில் முடிகிறது.

காணாமற்போனவர்களின் வீடு இன்னும் நுட்பமானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ், காத்திருப்பதா கேதம் கேட்பதா என்று தெரியாத வீடுகளுக்கு வந்தது. அத்தகைய இடத்தில் வீட்டார் பயன்படுத்தும் சொல்லையே நாமும் பயன்படுத்த வேண்டும். அவர்கள் “வரலை” என்று சொன்னால் நாமும் அதற்கு மேல் ஒரு சொல் போகக்கூடாது. கடற்கரை ஊர்களில் டிசம்பர் 26-ஐயும் நினைவில் வையுங்கள். 2004-இல் சுனாமி வந்தது பண்டிகைக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் உறவுகளை இழந்தவர்களுக்குப் பிறப்பும் இறப்பும் அடுத்தடுத்த நாட்கள். 25-ஆம் தேதி அவர்களைப் பார்க்க ஆள் இருக்கும். 26-ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் பூ எடுத்துச் செல்லும்போது துணைக்குப் போங்கள்.

பிள்ளைகளும் விதவையான பெண்களும்

வீட்டில் சிறுவர் இருந்தால், பெரியவர்களின் துக்கத்துக்கு அவர்கள் கட்டுப்பட்டு நிற்பதைக் காண்பீர்கள். நட்சத்திரம் வேண்டும் என்று கேட்கவே அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். இதில் வெளியார் முந்திக்கொள்ளக்கூடாது. தாயிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் இசைந்தால், தாய்மாமனையோ சித்தப்பாவையோ கொண்டு துணி எடுத்துக் கொடுக்கச் செய்வது உறவு முறைக்கும் பொருந்தும், பிள்ளைகளுக்கும் நிறைவாக இருக்கும்.

கணவனை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் பின்னுக்கு நிறுத்தும் வழக்கம் ஆலயத்துக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பல சபைகளில் ஆகமன வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். முதல் மெழுகுவர்த்திக்கு நம்பிக்கை என்று பெயரிடுவது வழக்கம். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற இறைப்பணியாளர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்பதற்காக, ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு வைத்ததிலிருந்து வந்த வழக்கம் இது. ஆதரவற்றவர்களுக்காகத் தோன்றிய அந்தச் சுடரை நம் சபைகளில் கமிட்டித் தலைவரோ அவருடைய துணைவியாரோ ஏற்றுகிறார்கள். இந்த ஆண்டு துணையை இழந்த ஓர் அம்மாவை அதற்கு அழைக்குமாறு குருவானவரிடம் கேளுங்கள். அழைக்கக் குருவானவரின் மனைவியான ஐயரம்மாவே நேரில் போவது சிறப்பு. துணையை இழந்த அந்த அம்மா தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அழைத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

விடைபெறும்போது

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது நம் மக்களின் வழக்கம். கேதம் கேட்கப் போனவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். அந்தப் பழக்கத்தில், மாதங்கள் கழித்துப் போகும்போதும் நாம் சொல்லாமலே எழுந்துவிடுகிறோம். இந்த முறை சொல்லுங்கள். வருகையைக் கொண்டாடும் காலத்தில் ஒரு வீட்டாரிடம் சொல்ல “வருகிறேன்” என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. சொன்னால், நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “ஜனவரி பத்தாம் தேதி வாரேன், சித்தி.”

ஜனவரி 6, பிரசன்னத் திருநாள் கழிந்ததும் தெருவில் நட்சத்திரங்களை இறக்கிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். விருந்தாளிகள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீடுகளில் சுண்ணாம்பு வாசனை வீசும், இப்போது எல்லா வாசல்களும் ஒரேபோல் இருட்டாக இருக்கும். சொன்ன பத்தாம் தேதி அந்த வாரத்தில்தான் வருகிறது. பலகாரம் தேவையில்லை, வெறுங்கையோடு போய், அவர்கள் போடும் காப்பியைக் குடித்துவிட்டு, முதலாம் ஆண்டு நினைவு நாள் என்றைக்கு வருகிறது என்று கேட்டு, வீட்டுக்கு வந்ததும் புது நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.