யுனைடெட் ஜேர்சி, கேக், பனர்: கொழும்பு ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகமான மன்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை. கழகம் எந்த நிலையில் கிடந்தாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சனிக்கிழமை இரவு சிவப்பு ஜேர்சி ஒன்று கண்ணில் படாமல் போகாது. பிள்ளையின் பிறந்தநாள் கேக், புட்சால் போட்டிக்கு அடிக்கும் பனர், இலண்டன் மாமா அனுப்பும் பழைய காலத்து ஜேர்சி என்று யுனைடெட் ஏதோ ஒரு வடிவில் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. வருவது சரியாக வருகிறதா என்று கேட்டால், பாதி நேரம் இல்லை.

பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் ஒன்றுதான்: எந்த ஆண்டு என்று யோசிக்காமல் ஓர்டர் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கழகத்தின் பெயர் மாறியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, மைதானம் மாறியிருக்கிறது. நெஞ்சில் இருக்கும் விளம்பரமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் ஆண்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னாலேயே வந்துவிடும்.

‘ரெட்ரோ’ ஜேர்சியில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

புறக்கோட்டையிலும் இன்ஸ்டகிராம் கடைகளிலும் கிடைக்கும் ‘ரெட்ரோ’ ஜேர்சிகளில் துணி நன்றாகத்தான் இருக்கிறது. தையலும் பரவாயில்லை. பிழை இருப்பது பெயர், இலக்கம், விளம்பரம் மூன்றையும் சேர்க்கும் இடத்தில். வெறும் ஜேர்சியை வைத்துக்கொண்டு, “யாருடைய பெயர் போட வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்பார். நாம் பிடித்த வீரரின் பெயரைச் சொல்வோம். அவர் அடித்துக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் எரிக் கன்டோனாவின் பெயரும் 7-ஆம் இலக்கமும் வொடபோன் விளம்பரம் உள்ள ஜேர்சியில் ஏறிவிடுகின்றன. கன்டோனா 1997-இல் ஓய்வு பெற்றார். வொடபோன் வந்ததே 2000-இல்.

இதைச் சமாளிக்கச் சில ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் போதும். நெஞ்சில் 1982 முதல் 2000 வரை ஷார்ப், 2006 வரை வொடபோன், 2010 வரை ஏ.ஐ.ஜி., 2014 வரை ஏயோன், 2021 வரை செவர்லே, 2024 வரை டீம்வியூவர், அதன்பின் ஸ்னப்டிராகன். ஜேர்சியைத் தயாரித்தவர்கள் 1980 முதல் 1992 வரை அடிடாஸ், 2002 வரை அம்ப்ரோ, 2015 வரை நைக்கி, அப்புறம் மறுபடியும் அடிடாஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல போலிகள் விழுந்துவிடும். நைக்கி அடையாளத்தோடு ஷார்ப் விளம்பரம் இருந்தால் அப்படியொரு ஜேர்சியை யுனைடெட் அணிந்ததே இல்லை.

இலக்கத்திலும் கவனம் வேண்டும். டேவிட் பெக்கம் என்றதும் 7 என்று கை தானாக எழுதும். ஆனால் 1996-இல் விம்பிள்டனுக்கு எதிராக நடுக்கோட்டிலிருந்து அவர் அடித்த அந்தப் புகழ்பெற்ற கோலின்போது அவருடைய இலக்கம் 10. கன்டோனா போன பிறகுதான் 7 அவருக்கு வந்தது. வெய்ன் ரூனி முதலில் 8, 2007-இலிருந்துதான் 10. ஆகவே வொடபோன் ஜேர்சியில் ‘ரூனி 10’ என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். கிறிஸ்டியானோ ரொனால்டோ விஷயத்தில் 7 சரி. ஆனால் அவருக்கு வொடபோன், ஏ.ஐ.ஜி., திரும்பி வந்தபோது டீம்வியூவர் மூன்றும்தான் பொருந்தும். ஏயோனும் செவர்லேயும் பொருந்தா.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் பெயரே போடக்கூடாது. முதுகில் பெயரும் நிலையான இலக்கமும் பிரிமியர் லீக்கில் வந்தது 1993-இல். அதற்கு முன் அன்றைய ஆட்டத்தில் நின்ற இடத்தைப் பொறுத்து 1 முதல் 11 வரை. ஜோர்ஜ் பெஸ்ட்டின் ஜேர்சி என்றால் வெறும் இலக்கம், நெஞ்சில் விளம்பரம் எதுவும் இல்லை. அவருடைய பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக அடித்து, முன்னால் ஷார்ப் என்றும் போட்டு விற்பது வெறும் கற்பனை.

எனக்கு மிகவும் பிடித்த பிழை 1999 சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி ஜேர்சியில் வருவது. அந்த ஆண்டு யுனைடெட் பிரிமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், சம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. மே 26-ஆம் திகதி பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் பயர்ன் மியூனிக்கை 2-1 என்று கடைசி நிமிடங்களில் வென்ற ஆட்டம் அது. அந்த ஜேர்சியின் நெஞ்சில் இறுதிப் போட்டியின் திகதியைத் தைத்து, முதுகில் ‘கீன் 16’ என்று போட்டு விற்கிறார்கள். ரோய் கீன் அந்த இறுதிப் போட்டியில் ஆடவே இல்லை. தடையில் இருந்தார், போல் ஸ்கோல்சும் அப்படியே. அரையிறுதியில் யுவென்டஸுக்கு எதிராகக் கீன் ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்க மாட்டார்கள். அதற்காக இறுதிப் போட்டித் திகதியின் கீழ் அவர் பெயரைப் போட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்ததுமே சிரித்துவிடுவார். அந்தத் திகதி வேண்டும் என்றால் ஷெரிங்ஹாம் அல்லது சோல்ஸ்கயர் என்று போடுங்கள், கோல் அடித்தவர்கள் அவர்கள்தான்.

சிவப்பு எல்லாம் ஒரே சிவப்பு அல்ல

றோயல் கல்லூரியும் எஸ். தோமஸ் கல்லூரியும் இரண்டுமே நீலம்தான் என்று அவற்றின் ‘பிக் மெட்ச்’ கிரிக்கெட் நாளில் கொழும்பில் யாராவது சொல்லித் தப்பிவிட முடியுமா? அதேபோல்தான் இங்கும். யுனைடெட்டின் வழக்கமான உடை சிவப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் காலுறை. லிவர்பூல் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து மேலிருந்து கீழ் வரை முழுச் சிவப்பு. ஆர்சனல் சிவப்பு உடம்பும் வெள்ளைக் கையும். கேக்கின் மேல் ஐசிங்கில் சின்னதாக ஒரு ஆட்டக்காரரை நிறுத்தி, அவருக்குச் சிவப்புக் கால்சட்டை போட்டுவிட்டால் பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது லிவர்பூல் கேக். அழுகை வரும், அதில் நியாயமும் இருக்கும்.

நீலம் பற்றிய பயத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். “நீலம் சிட்டியின் நிறம், யுனைடெட் அதைத் தொடாது” என்று, அதே நகரத்துப் போட்டிக் கழகமான மன்செஸ்டர் சிட்டியைக் காட்டி அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 1948 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் பிளக்பூலை 4-2 என்று வென்றபோது யுனைடெட் அணிந்தது நீலம். 1968-இல் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை வென்று முதல்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோதும் நீலம்தான். கழகத்தின் மிகப் பெரிய இரவுகளில் ஒன்றைக் கறுப்பு-வெள்ளைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, பனரில் சிவப்பு நிறம் ஏற்றி அடிக்கக் கூடாது.

சாம்பல் நிறத்துக்கு ஒரு தனிக் கதை. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் முதல் பாதியில் 3-0 என்று பின்தங்கியதும் முகாமையாளர் அலெக்ஸ் பெர்குசன் சாம்பல் ஜேர்சியைக் கழற்றச் சொல்லி, நீலமும் வெள்ளையுமான ஜேர்சியில் இரண்டாம் பாதிக்கு அனுப்பினார். பார்வையாளர் கூட்டத்தின் பின்னணியில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண முடியவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆட்டம் 3-1 என்று தோல்வியில்தான் முடிந்தது. அந்தச் சாம்பல் ஜேர்சியோடு யுனைடெட் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. புட்சால் அணிக்கு ராசி பார்த்து ஜேர்சி எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பச்சையும் பொன்மஞ்சளும் கலந்த யுனைடெட் சட்டையைப் பார்த்து “இது டூப்ளிகேட்” என்று ஒதுக்குவது இன்னொரு பிழை. 1878-இல் லங்காஷயர் அண்ட் யோர்க்ஷயர் ரயில்வேயின் பெட்டி, வண்டித் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் என்ற கழகம்தான் இன்றைய யுனைடெட். அந்தக் காலத்து நிறத்தை நினைவுகூர்ந்து 1992-இல் மூன்றாவது ஜேர்சியாகப் பச்சை-பொன்மஞ்சள் வந்தது. 2010-இல் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிர்ப்புக் காட்ட ரசிகர்கள் அதே நிறத்தில் கழுத்துத் துண்டு அணிந்தார்கள். ஆகவே அந்த நிறத்தைப் போடுவதற்கு ஒரு கருத்தும் உண்டு. ஆசைக்குப் போட்டாலும், யாராவது கேட்டால் பதில் வைத்திருங்கள்.

அதற்காக எதிர்ப்பக்கம் போய், “1902 வரை பச்சை-பொன்மஞ்சள், பிறகு சிவப்பு” என்று சுருக்கிவிடவும் கூடாது. அந்த ஜேர்சியை அவர்கள் அணிந்தது 1894 முதல் 1896 வரைதான் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் வெள்ளைச் சட்டையும் கடும் நீலக் கால்சட்டையும். 1902-இல் கடனில் மூழ்கி மூடப்பட இருந்த கழகத்தை ஜோன் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான ஆலை உரிமையாளர் காப்பாற்றினார். மன்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரும் சிவப்பும் சேர்ந்து வந்தது அப்போதுதான். ஆகவே பனரில் ‘1878’ என்று போடுவது சரி. ‘மன்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரில் 1878 முதல்’ என்று போட்டால் பிழை.

கேக்கில் வைக்கும் சின்னம்

கூகிளில் தேடி முதலில் வரும் படத்தை வட்ஸ்அப்பில் கேக் செய்பவருக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் ஆரம்பம். இப்போதைய சின்னத்தில் மேலே மன்செஸ்டர், கீழே யுனைடெட் என்று மட்டும் இருக்கும். ‘ஃபுட்போல் கிளப்’ என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் அது 1998-க்கு முந்தியது. பழைய ஜேர்சிக்குப் பொருந்தும், இந்த ஆண்டு ஆட்டக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் பொருந்தாது.

கப்பல் இருக்கிறதே என்று மட்டும் பார்த்து எடுத்தால் சிட்டியின் சின்னமும் கைக்கு வரக்கூடும். அதிலும் கப்பல் உண்டு, ஏனென்றால் கப்பல் கழகத்தினுடையது அல்ல, நகரத்தினுடையது. மன்செஸ்டர் நகரத்தின் இலச்சினை 1842-இல் வழங்கப்பட்டபோதே வர்த்தகத்தின் குறியாகக் கப்பல் அதில் இருந்தது. ‘1894-இல் திறந்த மன்செஸ்டர் கப்பல் கால்வாயின் நினைவாக’ என்று விளக்கம் எழுதுபவர்கள் ஆண்டுகளை ஒருமுறை பார்க்கலாம். யுனைடெட்டுக்கே உரியது கீழே முத்தலைச் சூலத்தோடு நிற்கும் பிசாசு. ‘ரெட் டெவில்ஸ்’ (சிவப்புப் பிசாசுகள்) என்ற அந்தப் பட்டப்பெயர்கூட அயலில் உள்ள சல்ஃபோர்ட் ரக்பி கழகத்துக்கு முதலில் இருந்தது. 1960-களில் யுனைடெட் முகாமையாளர் மற் பஸ்பி அதைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். 2023-24 மூன்றாவது ஜேர்சியில் பிசாசு மட்டும் தனியாக நின்றது, அது பிழையான அச்சு அல்ல.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1958 பெப்ரவரி 6-ஆம் திகதி மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். நண்பர்களுக்குள் கேலி செய்து மீம் போடும்போதும், எதிரணிக்காகப் பனர் எழுதும்போதும் அதை இழுக்காதீர்கள்.

எந்த ஓல்ட் ட்ரஃபோர்ட்?

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு இந்தக் குழப்பம் இயல்பு. முத்தையா முரளிதரன் லங்காஷயருக்காகப் பந்து வீசிய ஓல்ட் ட்ரஃபோர்ட், 1956-இல் ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்த ஓல்ட் ட்ரஃபோர்ட், 2024 ஓகஸ்டில் இலங்கை டெஸ்ட் ஆடிய ஓல்ட் ட்ரஃபோர்ட் எல்லாம் கிரிக்கெட் மைதானம். யுனைடெட் ஆடுவது அங்கிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ள வேறு மைதானம். பனருக்குப் பின்னணிப் படம் தேடும்போது இது மாறிப் போவதுண்டு. பச்சைத் தரையின் நடுவில் மண்நிற விக்கெட் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நேரில் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு: ஓல்ட் ட்ரஃபோர்ட் என்ற டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் முன்னால் நிற்பது கிரிக்கெட் மைதானம். அங்கிருந்து சேர் மற் பஸ்பி வே வழியாக நடந்தால்தான் யுனைடெட்.

அந்த மைதானம் மன்செஸ்டர் நகர எல்லைக்குள் இல்லை, ட்ரஃபோர்ட் என்ற பக்கத்து நிர்வாகப் பிரிவில் இருக்கிறது. சிட்டி ரசிகர்கள் விடாமல் குத்திக்காட்டுவது இதைத்தான். குத்தும்போது திருப்பிச் சொல்ல ஒன்று இருக்கிறது: 1893 முதல் 1910 வரை யுனைடெட்டின் வீடாக இருந்த பேங்க் ஸ்ட்ரீட் மைதானம் சிட்டியின் இன்றைய எட்டிஹாட் மைதானத்துக்கு எதிரே, வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கின் பக்கத்தில்தான் இருந்தது.

1910-இலிருந்து ஓல்ட் ட்ரஃபோர்ட்தான், இடையே எதுவும் இல்லை என்று நினைப்பதும் பிழை. 1941 மார்ச்சில் ஜெர்மன் குண்டு விழுந்து மைதானம் சேதமாயிற்று. 1949 வரை சிட்டியின் மெய்ன் ரோட்டில் வாடகைக்கு ஆடினார்கள். ஓல்ட் ட்ரஃபோர்டில் ஆட்டத்துக்கு வேண்டிய மின்விளக்குகள் அப்போது இல்லாததால், 1956-இல் அண்டர்லெக்டை 10-0 என்று நொறுக்கிய ஐரோப்பியக் கிண்ண ஆட்டமும் மெய்ன் ரோட்டிலேயே நடந்தது. இன்னும் வேடிக்கை, 1971-இல் கூட்டத்திலிருந்து கத்தி வீசப்பட்டதற்குத் தண்டனையாக ஆர்சனலுக்கு எதிரான ‘வீட்டு’ ஆட்டத்தை அன்ஃபீல்டில் ஆட வேண்டி வந்தது. லிவர்பூல் மைதானத்தில் யுனைடெட்டின் வீட்டு ஆட்டம்! இதை வினாடி வினாவில் கேட்டுப் பாருங்கள், மேசை இரண்டாகும்.

கடைசியாக ஒன்று. 2025 மார்ச்சில் 100,000 இருக்கைகளோடு புதிய மைதானம் கட்டும் திட்டத்தை அறிவித்தபோது, மூன்று உயரக் கம்பங்களும் குடைபோன்ற கூரையும் உள்ள கணினிப் படம் எங்கும் பரவிற்று. அதை ஓல்ட் ட்ரஃபோர்ட் என்று பெயரிட்டுப் பனரில் அடிக்க வேண்டாம். சுமார் 74,000 பேர் இருக்கும் பழைய மைதானத்தின் படம்தான் தேவை. கிடைத்த படத்தை அனுப்பும் முன் பிரிண்டிங் கடைக்காரரிடம் “அந்தக் கூரை இல்லாத படம்” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.